ஒரே கடை, இரண்டு ஃபிரிட்ஜ்: எது சரியான தேர்வு?

மே மாதக் கத்திரி வெயிலில் மதுரையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோனது. 14 வருஷம் உழைத்த பெட்டி. "கம்ப்ரசர் போயிடுச்சும்மா, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். அதே வாரம் சிவகங்கை பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கும் அப்பத்தாவுக்கு டாக்டர் இன்சுலின் ஊசி எழுதிக்கொடுத்தார். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். அப்பத்தா வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது.

ஆக, ஒரே நாளில் இரண்டு ஃபிரிட்ஜ் வாங்க வேண்டிய கட்டாயம். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கடைக்குப் போனோம். ஒரே அளவில், ஒற்றைக் கதவு மாடல்கள் இரண்டு எங்கள் முன்னால் நின்றன.

மாடல் 'அ': விலை 15,000 ரூபாய். 2 நட்சத்திரம். வருஷத்துக்கு 180 யூனிட்.
மாடல் 'ஆ': விலை 18,000 ரூபாய். 5 நட்சத்திரம். வருஷத்துக்கு 100 யூனிட்.

(கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கிக் கொடுத்திருக்கிறேன்.)

கடைப் பையன் அப்பாவிடம், "சார், ஃபைவ் ஸ்டாரையே ரெண்டா எடுத்துக்குங்க. மொத்தத்துல ஆயிரம் ரூபா குறைச்சுத் தர்றேன்" என்றார். அப்பா கிட்டத்தட்ட சரி சொல்லிவிட்டார். ஒரு பத்து நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லி ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்தேன். அந்தப் பத்து நிமிஷக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

போட்டி போடும் இரண்டு பொருட்களில் ஒன்றை மக்கள் ஏன் எடுக்கிறார்கள், இன்னொன்றை ஏன் விடுகிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் நூறு வருஷங்களுக்கும் மேலாக யோசித்து வருகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்ததைத் தெரிந்துகொண்டால் கடையிலும் ஃபோனிலும் நம் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆறு பாடமாகப் பார்ப்போம்.

பாடம் 1: நாம் வாங்குவது பொருளை அல்ல, அதன் குணங்களை

1966-ம் ஆண்டு கெல்வின் லங்காஸ்டர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு புதிய பார்வையை முன்வைத்தார். மக்கள் ஒரு பொருளை அந்தப் பொருளுக்காக வாங்குவதில்லை. அதில் அடங்கியிருக்கும் குணங்களுக்காகத்தான் வாங்குகிறார்கள் என்றார். ஃபிரிட்ஜ் என்பது இரும்புப் பெட்டி மட்டுமல்ல. குளிர்ச்சி, உள்ளே இருக்கும் இடம், கரண்ட் செலவு, சத்தம், சர்வீஸ், நிறம், அக்கம்பக்கத்தில் கிடைக்கும் மரியாதை என எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டை அது. போட்டி போடும் இரண்டு பொருட்கள் என்றால், ஒரே குணங்கள் வெவ்வேறு அளவில் கலந்த இரண்டு மூட்டைகள்.

எந்த மூட்டை நல்லது? அது வாங்குபவரைப் பொறுத்தது. மொத்தம் 10 மார்க் இருக்கிறது, அதைக் குணங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "இடம் நாலு. கரண்ட் மூணு. சர்வீஸ் ரெண்டு. கலருக்கு ஒண்ணு" என்றார். அப்பத்தாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டபோது வந்த பதில் வேறு: "எனக்கென்ன ஆத்தா, மருந்து கெடாம இருக்கணும். ரிப்பேர்னா ஆளு வரணும். வேற என்னத்த வைக்கப் போறேன்?" அப்பத்தாவின் கணக்கில் குளிர்ச்சி ஆறு, சர்வீஸ் நாலு. மற்ற எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.

கடைக்குப் போவதற்கு முன்பே இந்த 10 மார்க்கைப் பிரித்து ஃபோன் நோட்ஸில் எழுதிவிடுங்கள். கடைக்குள் போன பிறகு எழுதினால், விற்பவர் எதைப் பற்றி அதிகம் பேசுகிறாரோ அந்தக் குணத்துக்கு நம் மார்க் தானாக ஏறிவிடும்.

பாடம் 2: கண்ணுக்குத் தெரியாத குணத்துக்கு நாம் மார்க் போடுவதில்லை

நிறம் கண்ணுக்குத் தெரியும். இடத்தைக் கதவைத் திறந்து பார்க்கலாம். ஆனால் கரண்ட் செலவைக் கடையில் நின்று பார்க்க முடியுமா? இரண்டும் ஒரே வெள்ளைப் பெட்டிதான்.

இந்தச் சிக்கலை 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்பவர் பழைய கார் சந்தையை வைத்து விளக்கினார். காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்ல கார், எது ஓட்டை கார் என்று தெரியாததால், வாங்குபவர் எல்லாக் காருக்கும் ஒரு நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், விலகிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மோசமான கார்கள்தான். இந்த ஆய்வுத் துறைக்காக 2001-ல் அகர்லாஃபுக்கும், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு மருந்து, மறைந்திருக்கும் குணத்தை நம்பகமான ஒருவர் வெளியே எடுத்துக்காட்டுவது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள் அதற்காகத்தான். மத்திய மின்துறையின் கீழ் இயங்கும் பி.இ.இ. அமைப்பு 2006-ல் இந்த லேபிள் திட்டத்தைத் தொடங்கியது. ஹெல்மெட்டில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, தங்க நகையில் இருக்கும் ஹால்மார்க் எண் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன.

லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண். நட்சத்திரத்தைவிட இதுதான் முக்கியம். பெரிய ஃபிரிட்ஜின் 5 நட்சத்திரம், சின்ன ஃபிரிட்ஜின் 3 நட்சத்திரத்தைவிட அதிகக் கரண்ட் எடுக்கலாம்.

இரண்டாவது, லேபிள் எந்தக் காலத்துக்குச் செல்லும் என்பது. நட்சத்திரத்துக்கான அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய அளவுகோலில் 5 வாங்கிய மாடல், புதிய அளவுகோலில் அதைவிடக் குறைவாக வரலாம்.

மூன்றாவது, லேபிளில் இருக்கும் மாடல் எண்ணும் பில்லில் போடும் மாடல் எண்ணும் ஒன்றுதானா என்பது.

பாடம் 3: கடைசி யூனிட்டின் விலை என்ன?

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 'ஆ' மாடல் வருஷத்துக்கு 80 யூனிட் மிச்சம் பிடிக்கிறது. 80 யூனிட் என்றால் எத்தனை ரூபாய்?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறோம். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரி விலையால் பெருக்கிவிடுகிறோம். 1870-களில் இங்கிலாந்தில் ஜெவன்ஸ், ஆஸ்திரியாவில் மெங்கர், சுவிட்சர்லாந்தில் வால்ரா ஆகிய மூவரும் தனித்தனியாக ஒரே கருத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு முடிவை எடுக்கும்போது மொத்தத்தையோ சராசரியையோ பார்க்காதே. கூடுதலாக வரும் அந்தக் கடைசி அலகால் என்ன மாறுகிறது என்று பார். தமிழில் இதை 'இறுதிநிலை' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம்.

தமிழ்நாட்டு மின்கட்டணத்துக்கு இது அச்சாகப் பொருந்தும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறிக்கொண்டே போகும். ஃபிரிட்ஜில் மிச்சமாகும் யூனிட் அந்த ஏணியின் மேல்படியிலிருந்துதான் கழியும்.

எங்கள் மதுரை வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 450 யூனிட் ஓடுகிறது. மேல்படியில் ஒரு யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 80 யூனிட்டுக்கு வருஷம் 480 ரூபாய் மிச்சம். 10 வருஷம் ஓடினால் 4,800 ரூபாய். கூடுதல் விலையான 3,000 ரூபாய் ஆறே கால் வருஷத்தில் திரும்பிவிடும். அம்மாவுக்கு 'ஆ' சரி.

அப்பத்தா வீடு? ஒரு ஃபேன், மூன்று லைட், ஒரு டி.வி. இரண்டு மாதத்துக்கு 55 யூனிட் தாண்டாது. 'அ' மாடல் வந்தால் இன்னும் 30 யூனிட் சேரும். மொத்தம் 85. அதுவும் 100-க்குள்தான். பில் பூஜ்யம். 'ஆ' மாடல் வாங்கினாலும் பில் பூஜ்யம். அப்படியென்றால் அந்த 5 நட்சத்திரத்தால் அப்பத்தாவுக்கு மிச்சமாகும் பணம் எவ்வளவு? பூஜ்யம்!

அதே கடை, அதே பொருள், அதே நாள். அம்மாவுக்கு லாபமாக இருப்பது அப்பத்தாவுக்கு 3,000 ரூபாய் வீண் செலவு. "எது நல்ல ஃபிரிட்ஜ்?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. "யாருக்கு?" என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்கு அந்த 80 யூனிட் இலவசம் என்றாலும், நாட்டுக்கு இலவசம் இல்லை. அதற்கான பணத்தை அரசு மானியமாகக் கட்டுகிறது. அந்தக் கரண்டை எங்கோ தயாரிக்க வேண்டியிருக்கிறது. பணம் தாராளமாக இருப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக் குறைந்த யூனிட் மாடலை எடுக்கலாம். மருந்துச் செலவுக்கே சேர்த்து வைத்துச் செலவழிக்கும் அப்பத்தாவிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

உங்கள் வீட்டுக்கு இதை எப்படிப் பார்ப்பது? கடைசி மூன்று கரண்ட் பில்லை எடுங்கள். மின்வாரிய இணையதளத்தில் உள்ள கட்டணக் கணக்கீட்டுப் பக்கத்தில் இப்போதைய யூனிட்டைப் போட்டு வரும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 13 யூனிட் குறைத்துப் போடுங்கள் (80 யூனிட்டை ஆறு பில்லுக்குப் பிரித்தால் சுமார் 13). இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு பில்லில் உங்கள் உண்மையான மிச்சம். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகள் இதைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுவதால், 13 யூனிட்கூடப் பெரிய வித்தியாசம் காட்டலாம்.

பாடம் 4: இன்றைய 3,000 ரூபாயும் நாளைய 480 ரூபாயும்

'ஆ' மாடல் லாபம் என்று தெரிந்தும் பலர் 'அ' மாடலையே எடுக்கிறார்கள். ஏன்?

அமெரிக்காவில் ஜெர்ரி ஹவுஸ்மன் என்ற பொருளாதார அறிஞர், மக்கள் வீட்டு ஏ.சி. வாங்கும் முறையை ஆராய்ந்து 1979-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வாங்கும் விலைக்கும் பின்னால் வரும் கரண்ட் செலவுக்கும் மக்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்று கணக்கிட்டார். ஏறக்குறைய 20 சதவீத வட்டிக்கும் மேல் கணக்குப் போடுவதுபோல மக்கள் நடந்துகொள்கிறார்கள் என்று தெரிந்தது. அதாவது, அடுத்த வருஷம் மிச்சமாகும் 120 ரூபாயை இன்றைய 100 ரூபாய்க்குச் சமமாகத்தான் மதித்தார்கள். வருமானம் குறைவான குடும்பங்களில் இந்த விகிதம் இன்னும் அதிகமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு "ஏழைகளுக்குக் கணக்குத் தெரியாது" என்று முடிவு கட்டினால் தப்பு. கணக்கு நன்றாகத் தெரியும். கையில் பணம்தான் இல்லை. நம் ஊரில் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்குவது சாதாரணம். அந்தக் கூடுதல் 3,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 60, வருஷம் 720 ரூபாய் வட்டி. கரண்டில் மிச்சமாவது 480. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு விலை குறைந்த 'அ' மாடல்தான் சரியான தேர்வு.

எனவே தவணையில் வாங்குபவர்கள் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "ரொக்கமா கொடுத்தா எவ்வளவு? தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" வட்டி இல்லாத தவணை என்று சொல்லும் இடத்திலும் பிராசஸிங் கட்டணம், ரொக்கத்துக்கு மட்டும் தரும் தள்ளுபடி போன்றவை இருக்கலாம். இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான், பெயர் எதுவானாலும், நீங்கள் கட்டும் வட்டி.

பாடம் 5: மூன்றாவது ஃபிரிட்ஜ் எதற்கு நின்றது?

'ஆ' மாடலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபிரிட்ஜும் இருந்தது. அதே அளவு, 3 நட்சத்திரம், விலை 17,600. அதைப் பார்த்த அப்பா உடனே, "நானூறு ரூபாதான் கூட, ஃபைவ் ஸ்டாரே கிடைக்குதே!" என்றார். அதுவரை 15,000-த்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தவர், 17,600-ஓடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்.

யாருமே பெரிதாக வாங்காத ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்தால், அதைவிட எல்லா விதத்திலும் மேலான பொருள் இன்னும் மேலாகத் தெரியும். 1982-ல் ஹூபர், பெய்ன், பூட்டோ என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதனைகளில் காட்டினார்கள். தூண்டில் விளைவு என்று சொல்லலாம். அந்தக் கடையில் வேண்டுமென்றே வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. வைத்தாலும் வைக்காவிட்டாலும் நம் மனசு விழுந்துவிடுகிறது.

'ஆ' மாடலின் விலைச்சீட்டில் 24,990 என்று எழுதி அடித்துவிட்டு, கீழே 18,000 என்று போட்டிருந்தது. இது நங்கூரம். ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையைச் சொல்கிறார்கள். எண் போட்ட ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 விழுந்தவர்களின் பதில் நடுவாக 25. சக்கரத்தில் 65 விழுந்தவர்களின் பதில் 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலில் கண்ணில் பட்ட எண் மனசை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடித்த விலையும் அப்படித்தான். "எவ்வளவு குறைச்சாங்க?" என்று கேட்காதீர்கள். "இதே மாடல் வேற கடையில என்ன விலை?" என்று கேளுங்கள்.

பையன் சொன்ன ஆயிரம் ரூபாய் தள்ளுபடியையும் இப்படியே பார்த்தேன். இரண்டு 'ஆ' எடுத்தால் 36,000-ல் ஆயிரம் போக 35,000. ஒரு 'ஆ', ஒரு 'அ' எடுத்தால் தள்ளுபடியே இல்லாமல் 33,000. ஆயிரம் ரூபாய் தள்ளுபடியை வாங்க நாங்கள் மூவாயிரம் கூடுதலாகப் போட வேண்டும்!

ஃபோனில் வாங்கும்போது இந்த வித்தைகள் இன்னும் வேகமாக நடக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடை செய்திருக்கிறது. நாம் அடிக்கடி பார்க்கும் சில:

பொய் அவசரம்: உண்மையில் சரக்கு நிறைய இருக்கும்போதே "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று காட்டுவது.

கூடையில் நுழைப்பது: நாம் கேட்காத காப்பீடு, நன்கொடை, உறுதித் திட்டம் போன்றவற்றைக் கட்டும் தொகையில் சேர்ப்பது.

சொட்டுச் சொட்டாக விலை: முதலில் குறைந்த விலை காட்டி, கடைசித் திரையில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவது.

வெட்கப்பட வைப்பது: "வேண்டாம், எனக்குக் குடும்பத்தின் பாதுகாப்பு முக்கியமில்லை" என்பதுபோல எழுதி, மறுக்கும் பட்டனை அழுத்தக் கூசச் செய்வது.

சந்தா வலை: சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்குப் பத்து திரை.

பணம் கட்டும் கடைசித் திரையில் ஒரு நிமிஷம் நின்று, ஒவ்வொரு வரியையும் படியுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புகார் கொடுக்க நேர்ந்தால் அதுதான் சாட்சி.

பாடம் 6: எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்குப் போட முடியுமா?

முடியாது, வேண்டியதும் இல்லை. தேடுவதற்கும் செலவு இருக்கிறது என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-ல் எழுதினார். ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க நாலு கடை ஏறி இறங்கினால் நேரமும் பெட்ரோலும்தான் போகும். ஹெர்பர்ட் சைமன் என்பவர் 1950-களிலேயே இன்னொன்று சொன்னார். மனிதர்கள் எல்லாவற்றிலும் மிகச் சிறந்ததைத் தேடுவதில்லை. போதுமான அளவு நல்லது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, புத்திசாலித்தனம்தான்.

அதனால் ஒரு எளிய வழக்கம் வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் வீட்டில் இருக்கப்போகும் பொருளுக்குப் பத்து நிமிஷக் கணக்கு. மாத மளிகைக்குப் பத்து விநாடிக் கணக்கு. அந்தப் பத்து விநாடிக்கு உதவுவது பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அலகு விலை. பொட்டலப் பொருட்களில் எம்.ஆர்.பி.யோடு அலகு விலையும் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராமுக்கு எவ்வளவு, ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். பாக்கெட் அளவு எதுவானாலும் இந்த எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

'பெரிய பாக்கெட்தான் மலிவு' என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பாருங்கள். ஷாம்பூவே நல்ல உதாரணம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் பொருட்களை அடைத்து விற்கும் யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 'சிக்' ஷாம்பூ பாக்கெட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார். தினக்கூலி வாங்குபவர் பாட்டில் வாங்க முடியாது. ஒரு பாக்கெட் வாங்க முடியும். மக்களின் கையில் எவ்வளவு பணம் எப்போது இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட வியாபாரம் அது. 6 மில்லி பாக்கெட் 1 ரூபாய், 180 மில்லி பாட்டில் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் மில்லிக்கு 17 பைசா. பாட்டிலில் 67 பைசா! சின்னதுதான் மலிவு. உங்கள் வீட்டு ஷாம்பூவுக்கு இன்றே வகுத்துப் பாருங்கள்.

பில்லைப் படியுங்கள், தப்பு என்றால் கேளுங்கள்

கடையில் பில் போட்டபோது மொத்தம் 34,499 என்று வந்தது. அம்மா பில்லை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, ஆயிரத்து நானூத்துச் சொச்சம்?"

"அது எக்ஸ்ட்ரா வாரன்டிம்மா. எல்லாருக்கும் போடறதுதான்."

"நாங்க கேக்கலையேப்பா. எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்கள். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. கேட்டதற்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. கேட்காமல் விட்டிருந்தால் 1,499 ரூபாய் போயிருக்கும்.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடியாது. அப்போது சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது.

1. முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். மெயிலோ வாட்ஸ்அப்போ போதும். வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

2. பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலும் பேசலாம்.

3. அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனிலும் பதிவு செய்யலாம்.

4. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நீங்களே வாதாடலாம்.

5. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

பில், வாரன்டி அட்டை, லேபிளின் படம் மூன்றையும் வாங்கிய அன்றே ஃபோனில் படம் எடுத்து ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பல பில்களில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிப்போகும்.

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்து நீங்கள் வாங்கப்போகும் ஒரு பெரிய பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷினோ, ஃபேனோ, ஃபோனோ, எதுவானாலும் சரி. இந்த ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

யார் பயன்படுத்தப்போகிறார்கள்? அவர்களிடமே கேட்டு 10 மார்க்கை எப்படிப் பிரிப்பீர்கள்?
கண்ணுக்குத் தெரியாத குணம் எது? அதைக் காட்டும் லேபிள் அல்லது முத்திரை எது?
கூடுதல் விலை எவ்வளவு? அதனால் நம் வீட்டு பில்லில் வருஷத்துக்கு மிச்சம் எவ்வளவு?
அந்தக் கூடுதல் பணம் கையில் இருக்கிறதா, கடனா? கடன் என்றால் வட்டி எவ்வளவு?
அடித்த விலையையும் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது பொருளையும் மறந்துவிட்டால், அப்போதும் இதையே வாங்குவேனா?

கடைசியில் அம்மாவுக்கு 'ஆ', அப்பத்தாவுக்கு 'அ' வாங்கினோம். மிச்சமான பணத்தில் அப்பத்தா வீட்டுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டோம். அங்கே சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். இன்சுலினுக்கு 5 நட்சத்திரத்தைவிட அதுதான் முக்கியம். ஃபிரீசரை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்து வீணாகிவிடும் என்பதால், நடுத்தட்டில் ஒரு டப்பா வைத்து, "மருந்து இதுக்குள்ளதான் அப்பத்தா" என்று காட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவே அப்பத்தா ஃபோன் பண்ணினார்.

"ஏன் ஆத்தா, பணமே கட்ட வேண்டாம்ங்கிறாக. பெட்டி ஓடுதா இல்லையா?"

"கதவைத் திறந்து கைய வச்சுப் பாருங்க அப்பத்தா."

திறந்து பார்த்திருப்பார் போல. "ஜில்லுனுதான் இருக்கு" என்றார்.